அட்டை மேல் வைத்த சத்தியம்

"இன்னும் கல்யாணமே ஆவல, புள்ள வளக்கறது எப்டின்னு எங்களுக்குச் சொல்லித் தர வந்துட்டியா பாப்பா?"

என்னுடைய முதல் பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா இப்படிக் கேட்டார். ஓசூரில் ராயக்கோட்டை சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு லேஅவுட்டில் இருக்கிற சிறிய தனியார் பள்ளி அது. நான் அங்கே குழந்தைகளுக்கான ஆலோசகராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. காகிதத்தில்தான் ஆலோசகர். ஆசிரியர் யாராவது வராத நாளில் வகுப்பு எடுப்பதும், காலையில் கேட்டில் நின்று ஷூ பார்ப்பதும் என் வேலைதான். ஆனாலும் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் என் பெயருக்குப் பின்னால் என் பட்டம் அச்சடிக்கப்பட்டிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா பாகலூர் பக்கம் ரோஜாப் பண்ணையில் பூ வெட்டப் போகிறவர். என் மதிப்பெண் அட்டையில் எல்லா வருடமும் அவர் கைநாட்டுத்தான் இருக்கும். அந்த அடையாள அட்டையை வீட்டுக்குப் போனபிறகும் சிறிது நேரம் நான் கழற்ற மாட்டேன். அம்மா பார்க்க வேண்டும் என்று.

அன்றைக்கு வந்தவர்கள் பதினோரு பேர். நான் சொன்ன முதல் அறிவுரை, "பிள்ளைகள் கையில் ஃபோனைக் கொடுக்காதீர்கள்." அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். கேட்ட அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மடியில் நீலக் கோட்டு ஒன்றை மடித்து வைத்திருந்தார். எலெக்ட்ரானிக்ஸ் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. அவருடைய மகள் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு.

"குடுக்காம எங்க எடுத்துக்கினு போறது? கம்பெனி கேட்டுல கேமரா ஃபோன் உள்ள உடமாட்டான். வெளிய குடுத்துட்டுப் போவணும். அதுக்கு ஒரு கியூ, திரும்ப வாங்க ஒரு கியூ. அரை மணி நேரம் போயிடும், வண்டியும் போயிடும். செக்யூரிட்டி இன்னா என் கூடப் பொறந்தவனா, பத்தரமா வெச்சிருந்து குடுக்க?"

"அதனால?"

"அதனால ஃப்ரிட்ஜ் மேல வெச்சிட்டுப் போயிடுவோம். நாலு மணிக்குப் புள்ள வந்து எடுத்துக்கும். ராத்திரி நாங்க வர வரைக்கும் அது கையிலதான். நீ வந்து குடுக்காதீங்கோன்ற."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். கம்பெனி வண்டிகள் நிற்காத தெருவே எங்கள் பக்கம் கிடையாது. இரண்டாம் ஷிஃப்ட் போகிற ஒவ்வொரு வீட்டிலும் மாலை நாலு மணிக்கு ஒரு முழு ஃபோன் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. கம்பெனியின் ரகசியத்தைக் காக்க ஃபோனை வெளியே நிறுத்துகிறார்கள். வெளியே நிறுத்திய ஃபோன் வீட்டுக்குள் என்ன செய்கிறது என்று கம்பெனிக்கு என்ன கவலை.

அடுத்த வாரமே கூட்டத்தைப் பள்ளி அரங்கிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த அம்மாக்கள் கம்பெனி வண்டிக்காக ஒன்று பத்து மணியிலிருந்து காத்து நிற்கும் இடம் பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஒரு வீட்டுமனை விளம்பரப் பலகை, அதன் நிழல், பின்னால் வரிசை வீடுகள். வண்டி வர இருபது நிமிடம். என் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் நின்றேன். முதல் நாள் என்னை நிமிர்ந்து பார்த்தது அந்த அக்கா மட்டும்தான்.

"வந்துட்டியா? சாப்ட்டியா இல்லையா?"

"இல்லக்கா, போய் சாப்பிடணும்."

"ஏய், வாங்கடி. புள்ள சோறு துன்னாம வந்து நிக்குது. இன்னாதான் சொல்லுதுன்னு கேப்போம்."

அப்படித்தான் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். அவர்களுக்காக வாட்ஸாப்பில் ஒரு குழுவும் தொடங்கினேன். அவர்தான் கூட்டிவந்தார். வீட்டில் தெலுங்கு பேசுவார், பக்கத்து வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ். யாருக்கு எது புரியவில்லையோ அந்த மொழியில் நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுவார். நான் சொன்னதைவிடச் சுருக்கமாக, நன்றாக. சில வாரங்களில் 'பாப்பா' போய் 'மிஸ்' வந்தது. அந்த 'மிஸ்' எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஒரு நாள் எல்லோரையும் ஃபோனை எடுத்துவரச் சொன்னேன்; வீடு பின்னாலேயே, வண்டி வருமுன் வைத்துவிட்டு வரலாம். செட்டிங்ஸுக்குள் போய், எத்தனை கைரேகை பதிவாகியிருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். அந்த அக்கா தன்னுடையது ஒன்றுதான் என்றார். மூன்று இருந்தது. மற்ற இரண்டும் மகளுடைய விரல்கள். கோபப்படுவார் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சிரித்தார்.

"ஊடு என் பேருல கீது, சாவி அவ கையில கீது பாரேன்! கட்டை விரலும் வெச்சிருக்கா, ஆள்காட்டி விரலும் வெச்சிருக்கா. ஒண்ணு அடிபட்டா இன்னொண்ணாம்."

"திட்டாதீங்கக்கா. வீட்டுக்குப் போய் அவகிட்டயே கேளுங்க. எதுக்கு வெச்சேன்னு."

"கேக்கறேன் மிஸ். சிரிச்சிக்கினே கேக்கறேன்."

சீருடையோடு எடுத்த படத்தை யாருக்கும் அனுப்பக் கூடாது. ஃபோன் விளையாட்டுக்குள் பேசுகிறவர்கள் சொல்லும் வயதை நம்பக் கூடாது. இதையெல்லாம் பிள்ளைகளுக்கு நான் வகுப்பில் சொல்லிவிடுவேன். அம்மாக்களிடம் நான் கேட்டது வேறு. பிள்ளை தானாக வந்து ஒரு தப்பைச் சொன்னால் அடிக்கக் கூடாது. அக்கம்பக்கத்தில் சொல்லக் கூடாது. அதைக் காரணம் காட்டிப் பள்ளிக்கூடத்தை நிறுத்தக் கூடாது. இந்த மூன்றுதான். சொன்னால் பள்ளி போய்விடும் என்ற பயம்தான் எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளின் வாயைக் கட்டிவைக்கிறது. எனக்கு அது தெரியும். நானும் அந்தப் பயத்தோடு வளர்ந்தவள்.

"சத்தியம் பண்ணுங்க" என்றேன், பாதி விளையாட்டாக.

எதன் மேல் செய்வது என்று பேச்சு வந்தது. சாமி பெயர் வேண்டாம், ஒவ்வொருத்தருக்கு ஒரு சாமி. பிள்ளை தலை வேண்டாம், ஏதாவது ஆகிவிட்டால்? அந்த அக்காதான் தன் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பிடித்துக்கொண்டார். "இது மேல பண்ணுவோம். இது போனா பொழப்பே போச்சு. இதவிட இன்னா கீது?" ஒன்பது பேரும் அட்டையைப் பிடித்தார்கள். பிறகு ஒருத்தர் என்னைப் பார்த்து, "மிஸ்ஸு மட்டும் சும்மா நிக்குது. நீயும் பண்ணு. எங்க ஊட்டு விசயத்த போலீஸு, ஆபீஸுன்னு கொண்டுபோக மாட்டேன்னு" என்றார்.

நானும் என் அட்டையைப் பிடித்துச் சொன்னேன். யோசிக்கவே இல்லை. பெருமையில் யோசிக்கத் தோன்றவில்லை.

*

அந்த அக்காவின் மகள் என்னிடம் வந்தது காலாண்டு விடுமுறைக்குப் பிறகு. விளையாட்டுச் சாமான் அறைதான் என் அறையும். கைப்பந்து வலை மூட்டைக்குப் பக்கத்தில் என் மேசை. அவள் வலையின் முடிச்சுகளை எண்ணிக்கொண்டே பேசினாள்.

"உங்ககிட்ட சொன்னா ஒண்ணும் ஆகாதுன்னு எங்கம்மா சொன்னாங்க மிஸ்."

"ஆகாது. சொல்லு."

ஃபோன் விளையாட்டில் பழக்கமான ஒரு பெண். பெங்களூரில் ஒன்பதாவது படிப்பதாகச் சொன்னவள். படம் கேட்டாள், இவளும் பள்ளிச் சீருடையில் நான்கு படம் அனுப்பினாள். ஒரு நாள் குரல் செய்தி வந்தது. ஆணின் குரல். இன்னும் படம் வேண்டும், இல்லையென்றால் இருக்கிற படங்களை அசிங்கமாக மாற்றி அப்பாவுக்கு அனுப்புவேன் என்றது அந்தக் குரல். அப்பா லாரி ஓட்டுபவர், வாரத்தில் ஒருநாள் வீட்டில் இருப்பவர். மூன்று வாரமாக அவள் சரியாகத் தூங்கவில்லை.

"அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா? நீயும் கூட இரு."

"ஸ்கூல நிறுத்திடுவாங்களா மிஸ்?"

"மாட்டாங்க. சத்தியம் பண்ணிருக்காங்க."

அக்கா அன்றைக்குக் கம்பெனி வண்டியில் ஏறவில்லை. ஒரு நாள் ஷிஃப்ட் தவறினாலும் ஒப்பந்தக்காரன் பத்து நாள் முறைப்பான். அதையும் பொருட்படுத்தாமல் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து முழுவதும் கேட்டார். மகளை அடிக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. மகளின் கையைத் தன் மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார். நாங்கள் படங்களையும் செய்திகளையும் அழிக்காமல் பதிந்து வைத்து, அக்காவே சரி என்று சொன்னபிறகு இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தோம், குழந்தைகள் உதவி மையத்திலும் சொன்னோம். சில நாட்களில் அந்தக் கணக்கு முடக்கப்பட்டது. பிறகு அந்தக் குரல் வரவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். "நான் சொல்லிக் குடுத்தது அப்படியே நடந்துச்சும்மா" என்று. அம்மா ரோஜா முள் குத்திய விரலைப் பார்த்துக்கொண்டே, "நல்லது" என்றார்.

அடுத்த வாரம், விளம்பரப் பலகையின் நிழலில், அந்த அக்கா ஒன்று கேட்டார்.

"மிஸ், ஒண்ணு சொல்லு. இங்க நாம ஃபோன் பண்ணா இங்க ஆபீசருங்க வராங்க. பார்டருக்கு அந்தப் பக்கம் ஏதாவதுன்னா இவங்க போவாங்களா?"

பெங்களூர் ஆளைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். எவ்வளவு நல்ல கேள்வி என்று எனக்குச் சந்தோஷம். மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு அதிகாரிகள், மாநிலம் மாறினால் இவர்கள் நேரே போக முடியாது, அங்கே இருப்பவர்களுக்குத்தான் தகவல் கொடுக்க வேண்டும், அதற்கு நாள் ஆகும் என்று விரிவாகச் சொன்னேன். தரையில் குச்சியால் கோடுகூடப் போட்டுக் காட்டினேன். இது நாம், இது அவர்கள்.

"அப்டியா" என்று அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

*

பிறகு மகள் பள்ளிக்கு வரவில்லை. அம்மை போட்டிருக்கிறது என்றார் அக்கா. "வாசல்ல வேப்பில கட்டிருக்கு. நீ எட்டிப் பாக்காத மிஸ், உனக்கும் ஒட்டிக்கும்." அம்மை கண்ட வீட்டுக்கு வெளியாள் போகக் கூடாது. எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். அதனால் நான் போகவில்லை. அவளுடைய தோழிகளையும் போகாதே என்று தடுத்தேன். விட்டுப்போன பாடங்களை நகலெடுத்து அக்காவிடம் கொடுத்தனுப்பினேன். வாங்கி, மடித்து, சாப்பாட்டுப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அந்தத் தாள்களை என்ன செய்தார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை வண்டி வந்தது. அக்கா ஏறினார். படியில் கால் வைக்கும்போது அவர் கையில் ஃபோன் இருந்தது.

வண்டி போனபிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் மகள் படுத்திருந்தால் ஃபோன் அங்கே அல்லவா இருக்கும்? மாலை அவளுடைய அப்பா லாரியிலிருந்து அழைத்து விசாரிக்க, மருந்து சாப்பிட்டாளா என்று கேட்க, அந்த வீட்டில் வேறு ஃபோன் கிடையாது. இவர் இப்போது கேட்டில் நின்று ஃபோனைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அரை மணி நேரக் கியூவில் நிற்கிறார். அப்படியென்றால், வீட்டில் ஃபோனை விட்டுப்போக ஆள் இல்லை.

மறுநாள் தலைமையாசிரியையிடம் கேட்டேன்.

"டிசி போன வாரமே வாங்கிட்டுப் போயிட்டாங்களேம்மா. உனக்குத் தெரியாதா? உன்னப் பத்தி அவ்ளோ நல்லவிதமா சொன்னாங்க."

"எட்டாவது முடிக்காம, வருஷத்து நடுவுல, ஏன்னு கேக்கலையா மேடம்?"

"சொந்த ஊருக்குப் போறோம்னாங்க. இங்க வரதும் போறதும் வாரா வாரம் நடக்குது. ஒவ்வொண்ணையும் கேட்டுட்டு உக்காந்திருக்க முடியுமா?"

வரிசை வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. நிலைப்படியில் வேப்பிலை கட்டியிருந்தது உண்மைதான். தொட்டால் உதிரும் அளவு காய்ந்திருந்தது. ஒரே ஒரு முறை கட்டி, அப்படியே விட்டுவிட்ட கொத்து. அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றிய வீட்டில் அதை அப்படி விடமாட்டார்கள்.

வியாழக்கிழமை ஒன்று பத்துக்கு முன்பே போய் நின்றேன். அந்த அக்கா இன்னும் வரவில்லை. ஒன்பது பேரில் இன்னொருவர், ஃபோனில் ஏதோ புதிதாக வந்திருக்கிறது, பார்த்துச் சொல் என்று என் கையில் கொடுத்தார். சந்தேகம் வந்தால் ஃபோனை என்னிடம் காட்டிவிட்டு, வண்டி வருமுன் வீட்டில் வைத்துவரும் வழக்கத்தை நான்தான் ஏற்படுத்தினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையின் மேலே ஒரு செய்தி வந்து நின்றது.

'வேன் ஞாயிறு காலை அஞ்சு மணி. முகூர்த்தம் ஒன்பதரை. மிஸ்கிட்ட யாரும் வாய் விடாதீங்க.'

தொட்டுத் திறந்தேன். குழுவின் பெயர் 'ஞாயிறு வண்டி'. எங்கள் வாட்ஸாப் குழுவுக்கு நான் வைத்திருந்த அதே படம். அதே ஒன்பது பேர். நான் மட்டும் இல்லை.

ஃபோன் கொடுத்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "ஐயோ, நான் ஒண்ணும் சொல்லல மிஸ். நீயா பாத்த. நான் சொல்லல." மற்றவர்கள் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில்தான் அவர் வந்தார். தலைவாரி, பூ வைத்து, நீலக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு.

"பொண்ணு எங்கக்கா?"

ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை. "என் தம்பி ஊட்டுல. பார்டர் தாண்டி, மாலூர் பக்கம்."

"ஞாயித்துக்கிழமை யாருக்குக் கல்யாணம்?"

"தெரிஞ்சிக்கினு எதுக்குக் கேக்கற?"

"பதிமூணு வயசுக்கா அவளுக்கு."

"எனக்குப் பதினாலு ஆவும்போது கட்டினாங்க. செத்தா பூட்டேன்? அவன் யாரோ இல்ல, என் கூடப் பொறந்தவன். வயித்துல இருக்கும்போதே பேசி வெச்சது. நாலு வருசம் கழிச்சுப் பண்ணலாம்னு இருந்தோம், இப்பப் பண்றோம்."

"சத்தியம் பண்ணீங்களே."

அட்டையைக் கையில் எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். "அடிச்சனா? இல்ல. ஊருல சொன்னனா? இல்ல. படிப்பு? அங்கயும் பள்ளிக்கூடம் கீது. போனா போறா. நானு சத்தியத்த மீறல."

"என்கிட்ட அம்மைன்னு சொன்னீங்க. நான் பாடம் எழுதிக் குடுத்தனே."

வண்டி தூரத்தில் திரும்புவது தெரிந்தது. கோட்டைப் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டே பேசினார். குரல் தணிந்திருந்தது.

"நாலு மணிக்கு வரா. நான் ராத்திரி பத்தரைக்கு வரேன். அந்த நேரமெல்லாம் யாரு பாத்துக்கறது? நீயா? நீ சொல்லிக் குடுத்த ஃபோன் பாடமா? இந்தத் தடவ உன்கிட்ட சொன்னா. அடுத்த தடவ சொல்லாம ரயில்ல போயி உழுந்தா? அங்க என் தம்பி கண்ணெதிர இருப்பா. நீ சொன்னியே, புள்ளைய காப்பாத்துங்கன்னு. காப்பாத்தறேன். எனக்குத் தெரிஞ்ச மாதிரி காப்பாத்தறேன்." பிறகு படியில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தார். "நீயும் சத்தியம் பண்ணிருக்க மிஸ். நெனப்பு வெச்சிக்க."

ஒன்பது பேரும் ஏறினார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

நான் ஏமாந்ததற்காக அழுதேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. அவர் சொன்னதில் எனக்குப் பதில் இல்லாத ஒரு வரி இருந்ததும் காரணம். நாலு மணியிலிருந்து பத்தரை வரை யார்? நான் கைரேகை எண்ணக் கற்றுக்கொடுத்தேன். அந்த ஆறரை மணி நேரத்துக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு விடை பதிமூன்று வயதில் தாலி இல்லை. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், பள்ளியை நிறுத்திவிடுவார்களா என்று. மாட்டார்கள் என்று சொன்னவள் நான்.

தலைமையாசிரியை, "டிசி குடுத்தாச்சு. இப்ப அவ நம்ம ஸ்கூல் பிள்ளை இல்ல. அட்மிஷன் சமயத்துல பேரைக் கெடுத்துடாத" என்றார். உதவி மையத்தை அழைத்தேன். குறித்துக்கொண்டார்கள், அந்தப் பக்கத்துக்குத் தகவல் அனுப்புவதாகச் சொன்னார்கள். எத்தனை நாள் ஆகும் என்று நான் கேட்கவில்லை. தரையில் கோடு போட்டுக் காட்டியவளுக்குத் தெரியாதா.

வெள்ளிக்கிழமை, அவள் தோழிகளிடம் மாமன் ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டு, விடுப்புச் சொல்லாமல் பாகலூர் வழியாக மாலூர் போனேன். காவல் நிலையத்தில் விசாரித்து, குழந்தைகள் நலம் பார்க்கும் அதிகாரியைத் தேடிப் பிடித்தேன். எனக்குக் கன்னடம் பேச வரும். எழுத, படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல அங்கிருந்த எழுத்தர் புகாரை எழுதினார். எழுதி முடித்து என் பக்கம் திருப்பி வைத்தபோது அந்தத் தாளில் ஒரு வரிகூட எனக்குப் புரியவில்லை. வட்ட வட்டமான எழுத்துகள். என் அம்மா என் மதிப்பெண் அட்டையை எப்படிப் பார்த்திருப்பார் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னேன். எழுத்தர் சலித்துக்கொண்டார். பெயர் வெளியே தெரியாமல் கொடுக்கலாம் என்று அதிகாரி சொன்னார். வேண்டாம் என்று என் முழுப் பெயரையும் எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டேன். அவர்கள் எனக்குத் தெரியாமல் செய்தார்கள். நானும் அப்படிச் செய்யக் கூடாது என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு முன்பே அதிகாரிகள் போய்விட்டார்கள். நான் நிலைய வாசலில் காத்திருந்தேன். ஜீப்பிலிருந்து இறங்கியபோது அவள் பட்டுப்பாவாடை கட்டியிருந்தாள், கையில் மருதாணி. கழுத்தில் தாலி இல்லை. அம்மாவும் மாமனும் உள்ளே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விசாரணை முடியும்வரை மகள் அங்கேயுள்ள குழந்தைகள் இல்லத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். அவள் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அழவும் இல்லை. என் கையில் பிஸ்கட் பாக்கெட் இருந்தது, கொடுக்கவில்லை.

அக்கா வெளியே வந்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் தன் நெஞ்சில், வழக்கமாக அட்டை தொங்கும் இடத்தில், விரலால் இரண்டு முறை தட்டிக் காட்டினார். அன்று அங்கே அட்டை இல்லை, நகைதான் இருந்தது. இருந்தாலும் எனக்குப் புரிந்தது. பிறகு வேனில் ஏறிவிட்டார். வேனுக்குள் மற்ற எட்டுப் பேரும் இருந்தார்கள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை என் அட்டையைக் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். ஒன்று பத்துக்கு விளம்பரப் பலகைக்குப் போனேன். எட்டுப் பேர் அங்கிருந்து நகர்ந்து எதிர்ப்பக்க வெயிலில் போய் நின்றார்கள். அந்த அக்கா நகரவில்லை. நிழலிலேயே, எனக்கு இரண்டடி தள்ளி, நான் இல்லாதது போல நின்றார். ஃபோன் கையில் இருந்தது. வண்டி வந்ததும் ஏறிவிட்டார்.

என்னை அவர்கள் இன்னும் பழைய குழுவிலிருந்து நீக்கவில்லை. நான் ஏற்படுத்திய குழு, அவர்களால் நீக்கவும் முடியாது. செவ்வாய்க்கிழமை காலை, அவளை ஓசூரில் விடுதியுள்ள அரசுப் பள்ளியில் சேர்க்கக் கேட்டு மனு எழுதி, மாலூர் அதிகாரிக்கும் இங்குள்ள அதிகாரிக்கும் அனுப்பினேன். தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. கன்னடத்தை ஒருவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கி, வேறொருவரிடம் படிக்கக் கொடுத்துச் சரிபார்த்தேன்.

அன்று மாலை ஐந்து மணி வரை காத்திருந்தேன். அம்மாக்கள் கேட்டுக்கு உள்ளே இருக்கும் நேரம். ஃபோன்கள் ஃப்ரிட்ஜ் மேலிருந்து இறங்கிவிட்ட நேரம். குழுவில் இதை எழுதினேன்:

'இது இந்த நேரத்தில் இந்த ஃபோனைக் கையில் வைத்திருக்கிறவர்களுக்கு. அம்மாக்களும் வந்து படிக்கட்டும். உங்கள் பள்ளியில் இனி நான் இல்லை. இந்த எண் என்னுடையது, மாறாது. இணையத்தில் யாராவது மிரட்டினாலும், வீட்டில் பள்ளியை நிறுத்தினாலும், இதில் கூப்பிடுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று இந்த முறை நான் சத்தியம் செய்யவில்லை. ஒன்றும் ஆகாது என்றும் சொல்லவில்லை. யாரிடம் சொல்லப் போகிறேன் என்பதை முதலில் உங்களிடம் சொல்வேன். நானும் கூட வருவேன்.'

ஐந்தரைக்குள் எட்டு ஃபோன்களில் அதைப் படித்துவிட்டார்கள். ஒன்பதாவது ஃபோன் கம்பெனி கேட்டில், செக்யூரிட்டியின் மேசையில் இருந்தது.